வீடு தெரபி சென்டர் அல்ல

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. ஆறு மாதத்துக்கு முன் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி இரண்டுக்கும் அழைத்துப் போகிறேன். வீட்டில் செய்ய வேண்டியதை ஒரு நோட்டு நிறைய எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்காகவே வேலையை விட்டேன். கணவருக்கு பனியன் கம்பெனியில் ஷிப்ட். “நீ போனைக் கொடுத்துப் பழக்கினதாலதான் இப்படி ஆச்சு” என்கிறார் மாமியார். ராத்திரி நோட்டைப் பார்த்தால் பாதிகூட முடிந்திருக்காது; அழுகைதான் வருகிறது. இன்னும் என்ன செய்யட்டும்?
– வாசகி, திருப்பூர்

பதில்: இன்னும் எதுவும் செய்ய வேண்டாம். செய்வதைக் குறையுங்கள்.

போன் கொடுத்ததால் ஆட்டிசம் வருவதில்லை. அது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. மரபணுக்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. தாயின் மேல் பழி போடுவதை உங்கள் மாமியார் தொடங்கி வைக்கவில்லை. தாயின் பாசக் குறைவே காரணம் என்று அமெரிக்க நிபுணர்களே ஒரு காலத்தில் சாதித்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் எழுதிய புத்தகம்தான் அந்த வாதத்தை ஆட்டம் காண வைத்தது.

இனி அந்த நோட்டு. தெரபிஸ்டிடம் அதை நீட்டி, “இந்த மாசத்துக்கு இதில் ரெண்டு மட்டும் சொல்லுங்க” என்று கேளுங்கள். அந்த இரண்டையும் தனி வகுப்பாக நடத்தாமல், தினப்படி வேலைக்குள்ளேயே நுழைத்துவிடுங்கள். கேட்கப் பழக்குவது அதில் ஒன்று என்றால், தோசையை முழுதாக வைக்காமல் ஒரு விள்ளல் வையுங்கள். தீர்ந்ததும் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். உங்கள் கையைப் பிடித்து இழுத்தாலும், தட்டைத் தள்ளினாலும், ஏறிட்டுப் பார்த்தாலும் அவன் கேட்டுவிட்டான் என்றே அர்த்தம். “தோசை” என்று ஒரு சொல் சொல்லி அடுத்த விள்ளலை வையுங்கள். வாயைத் திறந்து கேட்டால்தான் தருவேன் என்று மட்டும் நிற்காதீர்கள். சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

இதை மாமியாரும் செய்யலாம். “பையனைப் பார்த்துக்கங்க” என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. ராத்திரி தோசை பாட்டியின் பொறுப்பு என்று ஒரே வேலையாகக் கொடுங்கள். ஒரு நாள் தெரபிக்கும் கூட்டிப்போங்கள். மருமகள் சொல்லி ஏறாதது வெளியாள் சொன்னால் ஏறும், நம் வீடுகளில்! லீவு நாள் தெரபிக்குக் கணவர் தனியாக அழைத்துப் போகட்டும். அந்த நேரத்தில் நீங்கள் துணி மடிக்காமல் தூங்குங்கள்.

செலவு கையைக் கடித்தால், மாவட்ட அரசு மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் தெரபி இலவசம். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கியதும், தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் சேருங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபி செலவுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையும் தொடர்ந்தால், உங்களுக்காக ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை காத்திருக்க முடியாத ராத்திரிகளில் 14416, அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.