எஃகுச் சுவருக்கு அப்பால்

மண்ணுலகின் ஆழத்தில் எண்ணெய் ஏரிபோல் தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கிறது. அத்துளைகளில் உப்புநீர் இருப்பின் மின்சாரம் எளிதிற் பாயும். எண்ணெய் இருப்பின் தடைப்படும். ஆகவே, பாறையின் மின்தடையை அளந்து, உள்ளிருப்பது இன்னதென உய்த்துணரலாம். 1927ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள், பிரான்சு நாட்டின் பெஷல்பிரான் எண்ணெய் வயலில், ஒரு கிணற்றினுள் இவ்வளவீடு முதன்முதலாக நிகழ்ந்தது. கான்ராட், மார்செல் ஷ்லும்பர்ஷே என்னும் உடன்பிறந்தார் வகுத்த முறைப்படி, ஹென்றி டால் என்னும் இளைஞரும் அவர்தம் துணைவரும் மின்முனைகளைக் கிணற்றில் இறக்கி, இடத்துக்கிடம் நிறுத்தி நிறுத்தி அளந்தனர்.

அம்முறை குழாய் இறக்காத கிணற்றுக்கே ஏற்றது. துளை சரிந்துவிடாதிருக்க, அதனுள் எஃகுக் குழாயை இறக்கி, வெளிப்புறம் சிமெண்டுக் குழம்பை நிரப்புவர். கிணற்றைக் காக்கும் அக்குழாயே அளப்போர்க்குப் பகையாயிற்று. எஃகு பாறையைவிடப் பல கோடி மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். செலுத்திய மின்சாரம் பாறையை நாடாது குழாய் வழியே ஓடிவிடும். பல்லாண்டு இறைத்த பழங்கிணற்றில் எவ்வடுக்கில் நீர் புகுந்தது, எவ்வடுக்கில் எண்ணெய் எஞ்சியுள்ளது என்பதை மின்தடையால் அறியும் வழி இவ்வாறு அடைபட்டது. நியூட்ரான் துகள்களால் ஆராயும் முறை உண்டெனினும், நீரில் உப்புக் குறைந்த இடங்களில் அது தெளிவு தருவது அரிது.

மின்சாரம் குழாய் வழியே ஓடிவிடும் என்றது முழு உண்மையன்று. வாய்க்கால் நீர் கரை நெடுகக் கசிவதுபோல, குழாயில் ஓடும் மின்சாரமும் இம்மியளவு கசிகிறது. உப்புநீர்ப் பாறையின் எதிரே கசிவு மிகும். எண்ணெய்ப் பாறையின் எதிரே குறையும். சோவியத் நாட்டு அறிஞர் அல்பின் 1939ஆம் ஆண்டிலேயே இத்தகைய முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும், கருத்துக் கருவியாவதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றன. குழாயில் ஓடுவது சில ஆம்பியர் மின்சாரம். கசிவால் விளையும் மின்னழுத்த வேறுபாடோ நானோவோல்ட் அளவினது. ஒரு வோல்ட்டை நூறு கோடி கூறாக்கினால் ஒரு கூறே நானோவோல்ட் ஆகும்!

இக்கருவி தன் மின்முனைகளைக் குழாயின் உட்சுவரில் அழுத்தி, அடுத்தடுத்த இரு பகுதிகளின் மின்னழுத்த வீழ்ச்சியை ஒப்பிடுகிறது. இரண்டும் ஒரே கனமுடையனவாயின் வேறுபாடு முழுவதும் கசிவினாலாயதே. துருவேறிய குழாயில் ஒரு பகுதி மெலிந்திருப்பின், அக்குறையே கசிவின் அடையாளத்தை விழுங்கிவிடும். ஆதலின், மின்சாரத்தைப் பாறைக்குள் விடாது குழாயிலேயே மீளுமாறு மற்றொரு முறை செலுத்தி, குழாயின் தடையைத் தனியே அளந்து திருத்துகின்றனர். கருவி ஊர்ந்துகொண்டே அளப்பின், உராய்வில் எழும் மின்னிரைச்சல் நானோவோல்ட்டை மூடிவிடும். எனவே, பெஷல்பிரானில் டால் செய்ததுபோலவே, இதனையும் இடத்துக்கிடம் நிறுத்தியே அளக்கின்றனர்.