மேக்கின்டாஷ் ஃபிளாப்பியைப் படிப்பது எப்படி?

கேள்வி: 1980களின் மேக்கின்டாஷ் ஃபிளாப்பிகள் யு.எஸ்.பி. டிரைவில் ஏன் திறப்பதில்லை? தகவலை மீட்க வழி உண்டா?

பதில்: 1984இல் வந்த முதல் மேக்கின்டாஷின் 400 கேபி ஃபிளாப்பியும், 1986இல் மேக் பிளஸுடன் வந்த 800 கேபி ஃபிளாப்பியும் பார்வைக்குச் சாதாரண மூன்றரை அங்குலத் தட்டுகளே. எழுதிய முறைதான் வேறு. பி.சி. டிரைவ் நிமிடத்துக்கு 300 சுற்று என ஒரே வேகத்தில் ஓடும். ஆப்பிளுக்காக சோனி தயாரித்த டிரைவோ, வெளித் தடங்களில் மெதுவாகவும் உள்ளே போகப்போக வேகமாகவும் சுழலும். அதனால் வெளித் தடத்தில் 12 செக்டர், கடைசி உள் தடத்தில் 8 செக்டர். குறியீட்டு முறையும் ஜி.சி.ஆர்.; பி.சி.யின் எம்.எஃப்.எம். அல்ல. யு.எஸ்.பி. டிரைவுகளும் பி.சி. முறையை மட்டுமே படிப்பதால், அவற்றை மாற்றி மாற்றி வாங்குவது வீண் செலவு.

ஓடக்கூடிய பழைய மேக் கிடைத்தால் நல்லது. இல்லையேல் கிரீஸ்வீசில் போன்ற சிறு பலகையைப் பழைய பி.சி.யின் 34 முனை டிரைவுடன் இணைக்கலாம். அந்தப் பலகை செக்டர்களைத் தேடுவதில்லை. காந்தத் திசை மாறும் நேர இடைவெளிகளை அப்படியே பதிவுசெய்கிறது. அவற்றைத் தகவலாக்குவது மென்பொருளின் வேலை என்பதால் டிரைவின் ஒரே வேகம் தடையாகாது. கிடைக்கும் பிம்பக் கோப்பை மினி விமேக் எமுலேட்டரில் திறக்கலாம்; இன்றைய மேக்கில் நேராகத் திறக்காது, ஏனெனில் 2019இல் வந்த கேட்டலினா முதல் மேக்ஓஎஸ், எச்.எஃப்.எஸ். என்ற பழைய கோப்பு முறை கொண்ட வட்டுகளை ஏற்பதில்லை.

தட்டில் பூஞ்சை தெரிந்தால் சுத்தம் செய்யாமல் டிரைவில் போடக் கூடாது; டிரைவின் படிக்கும் தலை அழுக்காகி அடுத்த தட்டையும் கீறிவிடும். எதற்கும் முன், மூலையிலுள்ள எழுத்துத் தடுப்புத் துளையைத் திறந்து வையுங்கள்.