பிரிட்டனில் பப் சாப்பாடு: போகும் முன்பும் போன பின்பும்

பிரிட்டனில் தெருமுனை பப் குடிக்கிறவர்களுக்கு மட்டுமான இடமில்லை. ஞாயிறு மதியம் தாத்தா, பாட்டி, கைக்குழந்தை சகிதம் குடும்பமாக வந்து சாப்பிடுவார்கள். படிக்கவோ வேலைக்கோ போனவர்களும், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் என்றாவது ஒருநாள் அங்கே சாப்பிட நேரும். போகுமுன் இணையத்தில் மற்ற வாடிக்கையாளர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்போம். அதைச் சரியாக எடைபோடவும், நம் கருத்தை நியாயமாகச் சொல்லவும் இந்தக் குறிப்புகள் உதவும்.

1. எத்தனை நட்சத்திரம் என்பதைவிட, கருத்து எழுதிய தேதியை முதலில் பாருங்கள். பல பப்களின் கட்டடம் பீர் ஆலைக்கோ பெரிய நிறுவனத்துக்கோ சொந்தம், நடத்துகிறவர் குத்தகைக்காரர். குத்தகை கைமாறினால் சமையல்காரர், மெனு, விலை எல்லாமே மாறலாம். வாசல் பலகையில் பெயர் மட்டும் பழையபடி இருக்கும். இரண்டு வருடத்துக்கு முந்தைய புகழ்ச்சியும் திட்டும் இன்றைக்கு உதவாது. கடைசி மூன்று நான்கு மாதக் கருத்துகள் போதும்.

2. ஒரேயடியாகப் புகழ்கிறவர்களையும் திட்டுகிறவர்களையும் விட்டுவிட்டு, மூன்று நான்கு நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படியுங்கள். மீன் மொறுமொறுப்பாக இருந்தது, ஆனால் நெடுநேரம் காத்திருந்தோம் என்று பிரித்துச் சொல்கிறவர்கள் அவர்கள்தான். சாப்பாடு, உபசரிப்பு, விலை மூன்றையும் தனித்தனியாக மனதில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கிழமை போனார்கள் என்பதும் முக்கியம். ஞாயிறு மதிய நெரிசலில் தாமதம் வருவது இயல்பு. செவ்வாய் இரவு பாதி நாற்காலி காலியாக இருக்கும்போதும் தாமதம் என்றால் சமையலறையில் ஏதோ சரியில்லை.

3. எல்லாக் கருத்தும் உண்மையல்ல. 2017-இல் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் தெற்கு லண்டனில் தன் தோட்டத்துக் கொட்டகையை 'தி ஷெட் அட் டல்விச்' என்ற உணவகமாக டிரிப்அட்வைசர் என்ற கருத்துத் தளத்தில் பதிவு செய்தார். நண்பர்களை எழுதவைத்த பொய்க் கருத்துகளாலேயே அது லண்டன் உணவகங்களில் முதலிடத்துக்கு வந்தது. அப்போது அங்கே ஒருவர்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. பிரிட்டனில் பொய்க் கருத்து எழுதித் தருவதும் எழுதவைப்பதும் 2025 ஏப்ரல் 6 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. இருந்தாலும் கவனம் தேவை. ஒரு பதார்த்தத்தின் பெயர்கூட இல்லாமல் 'அருமை, அற்புதம்' என்று மட்டும் இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

4. சுத்தத்துக்கு வாடிக்கையாளர் கருத்தை நம்ப வேண்டியதில்லை. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் உணவு விற்கும் இடங்களுக்கு உள்ளாட்சி அதிகாரிகள் சோதனை செய்து 0 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறார்கள். வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அதை வாசலில் ஒட்டியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் அந்தக் கட்டாயம் இல்லை என்பதால், வாசலில் காணோமென்றால் உணவுத் தர முகமையின் இணையதளத்தில் பப்பின் பெயரைப் போட்டுப் பாருங்கள். இந்த மதிப்பெண் சமையலறைச் சுத்தத்துக்கு மட்டுமே. ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

5. 'யாருமே வந்து என்ன வேண்டும் என்று கேட்கவில்லை' என்பது புதிதாகப் போகும் நம்மவர்கள் சொல்லும் குறை. பெரும்பாலான பப்களில் யாரும் வரமாட்டார்கள்; அதுதான் அங்கே வழக்கம். மேஜை எண்ணைப் பார்த்துக்கொண்டு நாமே கவுன்ட்டருக்குப் போய் ஆர்டர் சொல்லி, அங்கேயே பணம் கட்ட வேண்டும். பானத்தை நாமே எடுத்து வரவேண்டும், சாப்பாடு மேஜைக்கு வரும். கவுன்ட்டரில் வரிசை இருப்பதுபோல் தெரியாது, ஆனால் யாருக்குப் பின் யார் என்பது அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். நமக்கு முன் வந்தவரை விட்டுவிட்டு நம்மிடம் கேட்டால், 'இவர் எனக்கு முன்னால் வந்தார்' என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு அங்கே பெரிய மரியாதை. கையைத் தட்டிக் கூப்பிடுவதும் பணத்தை ஆட்டிக் காட்டுவதும் கூடவே கூடாது. 1991-இல் லண்டன் ஃபாரிங்டனில் 'தி ஈகிள்' தொடங்கிவைத்த 'கேஸ்ட்ரோபப்' வகை, அதாவது சமையலுக்கு முதலிடம் கொடுக்கும் பப்கள் பலவற்றில் மேஜைக்கே வந்து கேட்பார்கள். உள்ளே நுழைந்ததும் விசாரித்துக்கொண்டால் போயிற்று.

6. பப் இரவு பதினொரு மணி வரை திறந்திருந்தாலும் சமையலறை பெரும்பாலும் ஒன்பது மணி வாக்கில் மூடிவிடும். பல ஊர்களில் மதியத்துக்கும் மாலைக்கும் நடுவிலும் அடுப்பு அணைந்திருக்கும். ஞாயிறு மதியம் சுட்ட இறைச்சியோடு தரும் 'ரோஸ்ட்' சாப்பாடு தீர்ந்துபோனால் தீர்ந்ததுதான். போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

7. சைவர்கள் கண்டிப்பாகப் படிக்க வேண்டிய குறிப்பு இது. மெனுவில் காய்கறி என்று இருப்பதெல்லாம் நம் கணக்கில் சைவம் ஆகாது. ஞாயிறு ரோஸ்ட்டோடு வரும் உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ சுட்டிருக்கலாம். அதோடு வரும் யார்க்ஷயர் புட்டிங்கில் முட்டை உண்டு. அதையும் கொழுப்பில் சுடுகிற வழக்கம் இருக்கிறது. கிரேவி வழக்கமாக இறைச்சிச் சாற்றில் செய்வது. மீன் பொரித்த எண்ணெயிலேயே சிப்ஸ் போடும் இடங்கள் உண்டு. ரொட்டியின் மேல் பாலாடைக்கட்டிக் கலவை தடவிச் சுடும் வெல்ஷ் ரேர்பிட்டில் பலர் வூஸ்டர் சாஸ் ஊற்றுவார்கள். அதில் நெத்திலி வகை மீன் சேரும். எனவே 'இது சைவமா?' என்று பொதுவாகக் கேட்காமல், 'எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள், கிரேவி எதில் செய்தது?' என்று குறிப்பாகக் கேளுங்கள். கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வாமை இருப்பவர்கள் ஆர்டர் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள். வேர்க்கடலை, எள், பால், முட்டை உட்பட 14 பொருள்கள் எந்தெந்தப் பதார்த்தத்தில் இருக்கின்றன என்ற விவரத்தைத் தருவது அவர்கள் சட்டக் கடமை.

8. 'விலை அதிகம்' என்ற புகாரைப் படிக்கும்போது அந்த விலைக்குள் என்னென்ன அடங்கும் என்று பாருங்கள். ரோஸ்ட் என்றால் இறைச்சி, உருளைக்கிழங்கு, காய்கறி, கிரேவி எல்லாம் ஒரே தட்டில் வந்துவிடும். வேறு சில பதார்த்தங்களுக்குச் சிப்ஸும் சாலடும் தனிக் காசு. வெதர்ஸ்பூன் போன்ற பெரிய சங்கிலிப் பப்களில் பல உணவுகளோடு ஒரு பானமும் சேர்ந்தே வரும்; தம்பதி நடத்தும் சின்னப் பப்பால் அந்த விலைக்குத் தர முடியாது. மெனு விலையில் 20 சதவீத வாட் வரி அடங்கியிருக்கிறது. 21 வயது நிரம்பிய ஊழியருக்கான குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்துப் 'பகல் கொள்ளை' என்று எழுதுவது நியாயமல்ல.

9. குடிக்காதவர்கள் தயங்க வேண்டாம். ஆரஞ்சு ஜூஸோ லைம் சோடாவோ வாங்கிக்கொண்டு உட்காரலாம். மது உரிமம் உள்ள இடத்தில் கேட்டால் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. நண்பர்களோடு போனால் ஒவ்வொருவராக எல்லோருக்கும் பானம் வாங்குவது வழக்கம். மற்றவர் வாங்கிக் கொடுத்ததை நாம் குடித்துவிட்டால், ஜூஸ்தான் என்றாலும், நம் முறைக்கு நாம் வாங்க வேண்டும். கட்டுபடியாகாது என்றால் 'என்னுடையதை நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

10. இரண்டு பப்களின் பான விலையை ஒப்பிடும்போது அளவையும் பாருங்கள். பீர் ஒரு பைண்ட் என்றால் எங்கும் 568 மில்லிதான். விஸ்கி ஒரு இடத்தில் 25 மில்லி, இன்னோர் இடத்தில் 35. நுரை மிகுந்து பீர் குறைந்திருந்தால் நிரப்பித் தரச் சொல்லலாம், மறுக்கமாட்டார்கள்.

11. கவுன்ட்டரில் வாங்கும்போது டிப்ஸ் எதிர்பார்க்கமாட்டார்கள். மேஜைக்கு வந்து பரிமாறும் இடங்களில் பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ், பெரும்பாலும் 12.5 சதவீதம், சேர்த்திருக்கலாம். பில்லைப் படித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை கொடுக்க நேரும். 'விருப்பப்பட்டால்' என்று போட்டிருந்தால், உபசரிப்பு மோசமாக இருந்தபோது அதை எடுத்துவிடச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸ் முழுவதையும் முதலாளி ஊழியர்களுக்கே கொடுத்தாக வேண்டும். எனவே நன்றாகக் கவனித்துக்கொண்டவர்களுக்குத் தாராளமாகவே கொடுங்கள்.

12. பார்ப்பதற்கு இளையவராகத் தெரியும் மாணவர்கள் வயதைக் காட்டும் அடையாள அட்டை எடுத்துச் செல்லவும். குழந்தைகளை எத்தனை மணி வரை அனுமதிப்பார்கள் என்பது பப்புக்குப் பப் மாறும்.

13. உணவு ஆறிப்போயிருந்தாலோ, வேகாமல் இருந்தாலோ, கேட்டது வராவிட்டாலோ அப்போதே சொல்லுங்கள். தட்டைக் காலி செய்துவிட்டுச் சொன்னால் எடுபடாது. சாப்பிடும்போது நடுவில் வந்து 'எல்லாம் நன்றாக இருக்கிறதா?' என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். தரமில்லாத உணவுக்கும் அக்கறையில்லாத சேவைக்கும் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அமைதியாகச் சொன்னால் பெரும்பாலும் வேறு தட்டு வரும், அல்லது அந்தத் தொகையைக் கழிப்பார்கள். நேரில் சிரித்துத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு நட்சத்திரம் போடுவது நேர்மையல்ல. திருத்திக்கொள்ள அவர்களுக்கு நாம் வாய்ப்பே தரவில்லை.

14. கருத்து எழுதும்போது போன தேதி, சாப்பிட்டது, கொடுத்த விலை, காத்திருந்த நேரம் இந்த நான்கையும் குறிப்பிடுங்கள். குறை சொல்லும்போது ஊழியரின் பெயரைப் போட வேண்டாம். வாரக் கடைசியில் பகுதிநேரமாக நிற்கும் கல்லூரி மாணவராகவும் அவர் இருக்கலாம். பாராட்டும்போது பெயரைக் கட்டாயம் போடுங்கள், அது அவருக்குப் பயன்படும். சின்னப் பப்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவரும் காலம் இது. கோபம் வந்தால் உடனே எழுதிவிடுகிற நாம், வயிறு நிறைந்து வந்தால் எழுத மறந்துவிடுகிறோம். நன்றாகச் சாப்பிட்டு வந்த நாளிலும், பதார்த்தத்தின் பெயரோடு, இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.