விருப்பக்குறியும் பகிர்வும்: கூற்று, கேட்போர் நோக்கில்

தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளுள் கூற்றும் கேட்போரும் அடங்கும். முகநூற் கவிதைக்கு விருப்பக்குறி இடுபவர் கேட்போராகவே நிற்கிறார். பகிர்பவரோ, கவிஞர் பெயர் உடனிருப்பினும், அதனைத் தம் கூற்றாகவும் ஆக்கிவிடுகிறார். பிரிவுத்துயர்க் கவிதையைப் பகிர்ந்த பெண்ணிடம் உறவினர் 'என்ன ஆயிற்று?' என வினவுவது இதனாலேயே. அகப்பாடலில் தலைவியின் இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. இங்கோ பகிர்பவரின் பெயரும் படமும் கவிதையின் தலைமேல் நிற்கின்றன. எனவே பகிராமையைச் சுவையுணர்வின் குறைவாகக் கொள்ளுதல் பொருந்தாது. குருதி வேண்டும் அறிவிப்பு தயக்கமின்றிப் பகிரப்படுவதை ஒப்புநோக்கலாம். அதில் பகிர்பவரின் அகம் வெளிப்படுவதில்லை.

கேட்போர் நிலையும் முற்றிலும் மறைவானதன்று. ஒருவர் எவ்வெவற்றை விரும்பினார் என்பதைப் பிறர் காணவியலாதவாறு எக்ஸ் தளம் 2024 ஜூனில் மறைத்தது. விரும்பியதற்காக எவரும் தாக்கப்படலாகாது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.