பி0500 வந்ததும் சென்சாரைக் கழற்றாதீர்கள்

ஐடிஐ முடித்து ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த முதல் வருடத்திலேயே இப்படி ஒரு வண்டி உங்களிடம் வந்துவிடும். ஸ்பீடோமீட்டர் முள் ஓட்டத்தில் திடீரென்று விழுகிறது, செக் இன்ஜின் லைட் எரிகிறது, சிக்னலில் நிற்கப்போகும் நேரத்தில் இன்ஜின் ஆஃப் ஆகிறது என்பார் கஸ்டமர். ஸ்கேனரைச் செருகினால் பி0500. வேக சென்சார்தான் என்று முடிவுகட்டி, புதியது வாங்கி மாட்டி அனுப்புவீர்கள். நான்கு நாளில் அதே வண்டி அதே லைட்டோடு வாசலில் நிற்கும்.

பி0500 என்பது கெட்டுப்போன பாகத்தின் பெயரல்ல. இன்ஜின் கம்ப்யூட்டர் பார்ப்பது இதுதான்: ஆர்பிஎம் இருக்கிறது, லோடு இருக்கிறது, வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் வேகம் 0 என்று வருகிறது. பொருந்தவில்லையே என்று குறித்து வைக்கிறது, அவ்வளவே. சென்சாரில் தொடங்கி கம்ப்யூட்டர் வரை போகும் பாதையில் எந்த இடத்தில் அறுந்தது என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் நமக்குச் சம்பளம்.

எடுத்தவுடன் எரர் கோடை அழிக்கும் பழக்கத்தை விடுங்கள். கோளாறு விழுந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, லோடு எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு என்பதெல்லாம் ஃப்ரீஸ் ஃபிரேமில் பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கஸ்டமரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியா வண்டியில என்ன வேலை சார் பாத்தீங்க?" கிளட்ச், பேரிங், மியூசிக் சிஸ்டம் என்று எந்தப் பதில் வந்தாலும் அரை மணி நேரம் மிச்சம்.

அடுத்து டிரையல். இன்னொருவர் ஓட்டட்டும்; ஸ்கேனர் உங்கள் மடியில் இருக்கட்டும். ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்கவே கூடாது. லைவ் டேட்டாவில் வரும் வேகத்தையும் மீட்டர் முள்ளையும் ஒப்பிடுங்கள். ஸ்கேனரில் 40 வருகிறது, முள் அசையவில்லை என்றால் மீட்டர் பக்கம் பாருங்கள். முள் ஓடுகிறது, ஸ்கேனரில் 0 என்றால் கம்ப்யூட்டருக்குப் போகும் வயரைத் தேடுங்கள். இரண்டுமே செத்திருந்தால்தான் சென்சார் பக்கம் போக வேண்டும்.

சென்சார் எங்கே இருக்கிறது என்பது வண்டியின் வயதைப் பொறுத்தது. பழைய கார்களில் கியர்பாக்ஸில் தனியாக உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருந்தால் நூறு சென்சார் மாற்றினாலும் பயனில்லை. இந்தியாவில் 2019 ஏப்ரலில் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. ஏபிஎஸ் உள்ள வண்டிகள் பலவற்றில் சக்கர சென்சார்களின் கணக்கை ஏபிஎஸ் மாட்யூல்தான் வேகமாக மாற்றி, கேன் லைன் வழியாக மீட்டருக்கும் இன்ஜினுக்கும் தருகிறது. இன்ஜினை மட்டும் படிக்கும் மலிவு ஸ்கேனரில் பி0500 மட்டுமே தெரியும். மூல காரணம் ஏபிஎஸ் மாட்யூலுக்குள் இருக்கும். எல்லா மாட்யூலையும் படிக்கும் ஸ்கேனரைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இனி மல்டிமீட்டர் வேலை. கியர்பாக்ஸில் இருக்கும் மூன்று வயர் ஹால் சென்சார் என்றால் கப்ளரில் ஒன்று சப்ளை, ஒன்று எர்த், ஒன்று சிக்னல். சப்ளையில் வண்டியைப் பொறுத்து 5 அல்லது 12 வோல்ட் வர வேண்டும். எர்த்தைப் பேட்டரி நெகட்டிவோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 0 வர வேண்டும். கப்ளரை மாட்டிய நிலையிலேயே பின்பக்கமாகப் புரோப் செருகுங்கள். வயரின் தோலைக் குத்தாதீர்கள். ஒரு மழைக்காலம் போதும், அந்த ஓட்டை வழியே பச்சை பூத்துவிடும். முன் சக்கரத்தை ஜாக் ஏற்றி, ஸ்டாண்ட் வைத்து, நியூட்ரலில் கையால் மெல்லச் சுற்றினால் சிக்னல் ஏறி இறங்கும். வேகமாகச் சுற்றினால் பாதியளவில் ஏதோ ஒரு எண்ணில் நிற்கும். அது கோளாறல்ல, மீட்டர் காட்டும் சராசரி.

இரண்டு வயரைப் பார்த்ததும் ஓம்ஸ் வைக்கும் அவசரமும் வேண்டாம். பழைய காந்தச் சுருள் சென்சாருக்கு அது சரி. புதிய சக்கர சென்சார்கள் பல, 7 மில்லிஆம்பியருக்கும் 14 மில்லிஆம்பியருக்கும் இடையே மின்னோட்டத்தை மாற்றித்தான் பேசுகின்றன. அவற்றில் ஓம்ஸ் கணக்கு ஒன்றும் சொல்லாது.

நான் பார்த்த ஒரு வண்டியில் சென்சார் இரண்டு முறை மாறியிருந்தது. வயரில் குறையில்லை, எலிக்கடியும் இல்லை. கடைசியாக என்ன வேலை என்றேன். முன் இடது பேரிங் மாற்றினார்களாம். பேரிங்கைக் கழற்றி, ஒரு பேப்பர் கிளிப்பை சென்சார் பார்க்கும் முகத்தில் வைத்தேன்; நழுவி விழுந்தது. மறுபக்கம் வைத்தேன், ஒட்டிக்கொண்டது. இந்த வகை பேரிங்கில் ஒரு பக்கத்து சீலிலேயே காந்த வளையம் இருக்கிறது. பார்வைக்குச் சாதாரண ரப்பர்தான். திருப்பிப் போட்டுவிட்டார்கள். அதை அழுத்தியவன் என் போன்ற ஒரு பையனாகத்தான் இருந்திருப்பான், அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இன்று என்னிடம் வரும் பையன்களுக்கு முதல் வாரமே கிளிப்பைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஜாப் கார்டில் "சென்சார் கோளாறு சரிசெய்யப்பட்டது" என்று எழுதாதீர்கள். எங்கே, எத்தனை வோல்ட், என்ன மாற்றினோம் என்று எழுதுங்கள். சூப்பர்வைசர் கஸ்டமரிடம் டயக்னோசிஸ் கூலி கேட்பதற்கு அந்த நான்கு வரிதான் பிடி. சம்பள உயர்வு கேட்கும்போது உங்களுக்கும் அதுவே ஆதாரம், ஆகவே ஒரு நகலைப் போனில் வைத்திருங்கள்.

வண்டியைக் கொடுக்கும் முன் கோடை அழித்து, மறுபடி ஒரு டிரையல். பல கார்களில் இரண்டு முறை ஓடிய பிறகே லைட் திரும்ப எரியும் என்பதால் ஒர்க்‌ஷாப் வாசலில் லைட் அணைந்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். மூன்றாம் நாள் காலை கஸ்டமருக்கு ஒரு போன் போட்டு, "சார், லைட் ஏதும் எரிஞ்சுதா?" என்று கேட்டுவிடுங்கள்.