மழை வெறித்த நாளில் பழைய வண்டி: சின்ன காஞ்சிபுரத்திலிருந்து சில குறிப்புகள்

வெளிநாட்டுக் காலண்டர்ப் படங்களில் மஞ்சள் இலை கொட்டிக் கிடக்கும் சாலையில் பளபளவென்று ஒரு பழைய கார் நிற்கும். அந்தப் பருவம் நமக்குக் கிடையாது. ஆயுத பூசை தொடங்கி கார்த்திகை தீபம் வரைக்கும் மழை இரண்டு நாள் கொட்டிவிட்டு மூன்றாம் நாள் வெறிக்குமே, அதுதான் நம் பருவம். ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் பழைய இலக்கணம் கூதிர் என்கிறது. சித்திரை வெயிலில் செவிலிமேடு தாண்டுவதற்குள் கொதித்து நின்றுவிடும் எங்கள் அம்பாசிடர், கூதிரில் முனகாமல் ஓடும். அப்பா வாங்கிய வண்டி. தெருவில் பெரியவர்கள் இன்றும் அதைப் 'பிளசர்' என்றுதான் சொல்கிறார்கள். பழைய கை மெக்கானிக்குகளிடம் கேட்டதும், நானே பட்டுத் தெரிந்துகொண்டதும் இதோ.

1. விடிகாலையில் கிளம்புகிறவர்கள் முதலில் தெருவைப் பாருங்கள். மழை நாளில் தறிக்குழியில் ஈரம் ஊறும், நூல் நமத்துப்போகும், வேலை நின்றுவிடும். வானம் வெளுத்த அன்று காலையில்தான் நெசவாளிகள் தெருவில் பாவு நூலை நீட்டுவார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைத் தேடிப் பிணைத்துக்கொண்டே போவார்கள். அங்கே ஹாரன் அடிக்காதீர்கள். முக்கியமாக, இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்காதீர்கள். குளிர்ந்த இன்ஜின், சோக் இழுத்தபடி கறுப்பாகப் புகை விடும். ஒருநாள் நான் அப்படித்தான் நின்றேன். பாவுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா இழையை விட்டுக் கையை எடுக்காமலே, "வண்டிய அணைச்சுடுண்ணே. சந்தனக் கலர் பாவு, புகை படிஞ்சா போவாது" என்றார். அணைத்துவிட்டு, தெருப்பையன்கள் இரண்டு பேரை வைத்துப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். அன்றுமுதல் இரவே வண்டியை மெயின் ரோட்டுப் பக்கம் மூக்கை வைத்து நிறுத்திவிடுகிறேன்.

2. பழைய வண்டி எண்ணெய் ஒழுகாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், உள்ளே எண்ணெயே இல்லையோ என்று! கிளம்புவதற்கு முந்தைய இரவு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் அதுவே ஜாதகம் சொல்லும். நடுவில் பழுப்புக் கறை என்றால் இன்ஜின் ஆயில், அளவு பார்த்து ஊற்றிக்கொண்டு போகலாம். முன்னால் வெறும் ஈரம் என்றால் ரேடியேட்டரையும் ஹோஸையும் பாருங்கள். சக்கரத்துக்கு உட்புறம் வழவழப்பான சொட்டு இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அன்று வண்டியை எடுக்கவே கூடாது.

3. ஆயுத பூசைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதைக் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய பெயின்டில் காய்ந்த குங்குமக் கறையை எடுக்க முடியாது. எங்கள் பேனட்டில் மூன்று பொட்டு நிரந்தரமாக இருக்கிறது. பூசணிக்காய் உடைத்தால் பிறகு பொறுக்கிவிடுங்கள். மழை ஈரமும் பூசணிச் சதையும் சேர்ந்தால் பின்னால் வரும் டூவீலர்காரர் கதி அதோகதி.

4. குரோம் பம்பரைப் புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி, குரோமில் புளிப்பு பட்டால் பூச்சு மங்கும். லேசாக எண்ணெய் தொட்ட துணியில் சலித்த திருநீறு கொஞ்சம் எடுத்து மெதுவாகத் துடைத்தால் போதும். விஷ்ணு காஞ்சியில் இருந்துகொண்டு திருநீறா என்று மாமியார் கேட்டார். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து வாங்கி வந்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

5. மழைக்கு மறுநாள் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். பெரும்பாலும் கோளாறு டெல்கோவில்தான், அதாவது டிஸ்ட்ரிபியூட்டரில். மூடியைக் கழற்றி, உட்புற ஈரத்தை நூல் பிரியாத பழைய வேட்டித் துணியால் துடைத்து, பத்து நிமிடம் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பிளக் வயர்களையும் துடையுங்கள். பாயின்ட் கருத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளை மடித்து ஒரு இழுப்பு, அவ்வளவுதான். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். அதன் பேனட் மொத்தமும் முன்பக்கம் கவிழும், டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்.

6. ஹேண்டில் போட்டுச் சுற்றுகிறவர்கள் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். இறுக்கிப் பிடிக்கும் பழக்கத்தில் கட்டைவிரலை மறுபக்கம் கொடுத்தால், இன்ஜின் திருப்பி உதைக்கும்போது எலும்பு முறியும். கீழிருந்து மேலே இழுங்கள். மேலிருந்து கீழே அழுத்தக் கூடாது.

7. வைப்பர் பாதியில் நின்றால் உருளைக்கிழங்கை நறுக்கிக் கண்ணாடியின் வெளிப்புறம் தேயுங்கள். மழைத்துளி முத்து முத்தாக நிற்காமல் படலமாக வழியும். லாரி டிரைவர்கள் புகையிலையைத் தேய்ப்பார்கள். இரண்டும் பக்கத்துக் கடைக்குப் போய் ஒதுங்கி நிற்கும்வரை உதவும், சென்னை வரைக்கும் அல்ல. உட்புறம் ஆவி படிந்தால் முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். ஏசி வந்த பிறகு கார் கம்பெனிகள் கைவிட்ட நல்ல சாமான்களில் அதுவும் ஒன்று.

8. இப்போது பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பரை இளக்கும். பெட்ரோல் ஹோஸ், பம்பின் டயாஃப்ரம், கார்பரேட்டர் வாஷர் மூன்றையும் எத்தனால் தாங்கும் புதிய ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். டேங்கில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேங்கவிடாதீர்கள். வாரம் ஒரு முறை பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினாலே பாதி வியாதி வராது.

9. தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறியதும் பிரேக் பிடிக்காது. பழைய அம்பாசிடருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம். தண்ணீர் உள்ளே போனால் லைனிங் வழுக்கும். வெளியே வந்ததும் முதல் கியரில் மெல்லப் போய்க்கொண்டே பிரேக்கை இலேசாக அழுத்தி அழுத்தி விடுங்கள். சூட்டில் காய்ந்துவிடும். பெடல் பழையபடி பிடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வேகம். எவ்வளவு ஆழம் என்று தெரியாத தண்ணீரில் மட்டும் இறங்கவே வேண்டாம், அம்பாசிடர் உயரமான வண்டிதானே என்ற தெம்பிலும் கூட.

10. எங்கே போவது? என் ஓட்டு வந்தவாசி சாலைக்கு. செவிலிமேட்டில் பாலாற்றைக் கடக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். ஆண்டில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் ஆறு இது. தண்ணீர் போகிற நாளில் ஊரே வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்து அய்யங்கார்குளம். சித்ரா பௌர்ணமிக்கு வரதர் எழுந்தருளும் நடவாவிக் கிணறு அங்கேதான். திருவிழாவுக்குத் தண்ணீரை இறைத்துவிடுவார்கள், இப்போது போனால் படிகள் நீருக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். பிறகு தூசி, மாமண்டூர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் குன்றைக் குடைந்த குகைகள், எதிரே கண்ணுக்கு எட்டிய மட்டும் ஏரி. மகேந்திரன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நாடகத்தின் பெயர் இங்குள்ள கல்வெட்டில் இருக்கிறது. எண்பதில் பறக்கிற வண்டியில் போனால் இந்தத் திருப்பத்தைத் தவறவிட்டு வந்தவாசியில்தான் விழித்துக்கொள்வீர்கள். நாற்பதில் போங்கள். ஹேண்ட் கியருக்கும் அதுதான் பிடிக்கும். ஏரிக்கரையில் மட்டும் வண்டியை ஏற்றாதீர்கள், ஊறிய மண் எடை தாங்காது.

11. கட்டுச்சோற்றுக்கு என்ன என்று யோசிக்கிறவர்களுக்குக் கோயில் இட்லி இருக்கிறது. மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து மந்தாரை இலையில் வேகவைப்பது. காலையில் செய்தது மாலைவரை தாங்கும். சட்னி வேண்டாம், மிளகாய்ப்பொடியில் எண்ணெய் குழைத்துத் தடவிவிடுங்கள். வளைவில் சாம்பார் தூக்கு கவிழ்ந்தால் அந்த வாசனை ரெக்ஸின் சீட்டில் அடுத்த ஆயுத பூசை வரை இருக்கும்.

12. முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் சொந்தக்காரர்களை ஏற்றுகிறீர்களா? புடவைப் பெட்டியை டிக்கியில் வைக்காதீர்கள். பழைய டிக்கியின் ரப்பர் பீடிங் மழையைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. பெட்ரோல் வாடை ஏறினாலும் பட்டு விடாது. பருத்தித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

13. முதல் பதிவு செய்து 50 ஆண்டு தாண்டி, அசல் உருவில் இருக்கும் கார், பைக்குகளை விண்டேஜ் வாகனமாகப் பதிய 2021ஆம் ஆண்டு மத்திய விதி வந்தது. எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்குத்தான் அந்த வண்டி ரோட்டுக்கு வரலாம். தினசரி ஓட்டத்துக்கும் கல்யாண வாடகைக்கும் ஆகாது. என்னைப்போல் ஞாயிறுதோறும் மாமண்டூர் போகிறவர்களுக்கு, ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பித்துக்கொண்டு சாதாரணப் பதிவிலேயே இருப்பது உத்தமம்.

14. டயரின் பட்டன் தேயவில்லையே என்று மயங்க வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. நின்றே கழிக்கிற வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன் வெடித்துவிடும். ஸ்டெப்னியையும் பாருங்கள், அதை யாருமே பார்ப்பதில்லை.

15. மழைக்கு ஒண்ட எலிகளுக்குப் பேனட்டைவிட நல்ல இடம் இல்லை. மிளகாய்ப்பொடி, நாப்தலின் எல்லாம் இரண்டு நாள் வித்தை. பேனட்டைத் திறந்தே நிறுத்துவதும் அடிக்கடி ஓட்டுவதும்தான் பலித்தது.

16. பேட்டரி முனையில் வெள்ளை பூத்தால் முதலில் முனைகளைக் கழற்றுங்கள். வெந்நீர் ஊற்றிக் கழுவி, காய்ந்தபின் வாசலின் தடவுங்கள்.

17. வீடு திரும்பியதும் ஈர வண்டிமேல் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். அடியில் வேர்த்துத் துருப்பிடிக்கும். கால்மிதியடியைத் தூக்கிக் கொடியில் போட்டுவிட்டு, கண்ணாடியை ஒரு விரல் இறக்கி, சீட்டுக்கு அடியில் ஒரு கிண்ணம் அடுப்புக்கரி வையுங்கள். இன்ஜின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் பார்த்து நிரப்பிவிட்டால் அடுத்த ஞாயிறுக்குத் தயார்.