பின்கியர்த் தடுப்பும் அதன் மின்னிணைப்பும்

நம் கல்லூரியிற் கற்றுத் தேறிக் கடல்கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு மடல் வரைந்தார். தம்மிடமுள்ள பழைய அமெரிக்கக் காரின் தன்னியக்கக் கியர்ப்பெட்டியைக் கழற்றிவிட்டு, அவ்விடத்திற் கைமுறைக் கியர்ப்பெட்டியொன்றைத் தாமே பொருத்தியதாகவும், அப்பெட்டியிலுள்ள ஒரு சிறு கருவிக்கு மின்னிணைப்புக் கொடுத்ததில் நேர்ந்த தவற்றினால் நெடுஞ்சாலையிற் பெருந்தீங்கொன்று மயிரிழையில் தப்பியதாகவும் எழுதி, "ஐயா, இதனைத் தமிழில் எங்ஙனம் சொல்வது?" என்று கேட்டிருந்தார். சொல்லைத் தேடப் புகுந்த யான் பொருளையும் கற்க நேர்ந்தது. பொருள் விளங்காமற் சொல் அமையாது. கற்றதை இன்று பயிலும் மாணவருக்கும் பயன்படுமாறு ஈண்டு ஒரு பாடமாகத் தருகின்றேன்.

அக்கருவியைப் 'பின்கியர்த் தடுப்பு' என்று வழங்குவாம். வண்டி முன்னோக்கி ஓடுகையிற் கியர்த்தண்டு தவறிப் பின்கியருக்குட் புகாதவாறு காப்பது அதன் தொழில்.

தடுப்பு வேண்டியது ஏன்?

காரைப் பின்னே செலுத்தும் கியரை ஓட்டுநர் அறியாது தொடாமலிருக்க, உற்பத்தியாளர் பல வழிகளைக் கையாண்டுள்ளனர். வொக்ஸ்வாகன் வண்டிகளிற் கியர்த்தண்டைக் கீழே அழுத்திய பின்னரே பின்கியருக்குத் தள்ளலாம். ஓப்பல் வண்டிகள் பலவற்றிற் குமிழின் கீழுள்ள வளையத்தை மேலே தூக்குதல் வேண்டும். இவையெல்லாம் கையாற் செய்யும் பூட்டுக்கள். மின்னாற் செயற்படும் தடுப்பு இவற்றினின்றும் வேறானது.

நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம், 1998 முதல் 2002 வரை எல்.எஸ்.1 என்னும் 5.7 லீற்றர் இயந்திரத்துடன் வெளிவந்த செவ்ரொலே கமாரோ. இதனைத் தன்னியக்கக் கியர்ப்பெட்டியுடனும் வாங்கலாம், ஆறு முன்கியர்களுள்ள ரி-56 என்னும் கைமுறைப் பெட்டியுடனும் வாங்கலாம் என்ற நிலை இருந்தது. ரி-56 பெட்டி போர்க்-வார்னர் நிறுவனத்தாரால் ஆக்கப்பட்டு 1992இல் டொட்ஜ் வைப்பர் காரிலே முதன்முதல் வந்தது. பின்னர் அதன் உற்பத்தி திரெமெக் நிறுவனத்தார் கைக்கு மாறியது.

இப்பெட்டியின் கியர் வரிசையில் மேல்வரியில் 1, 3, 5 என்பனவும் கீழ்வரியில் 2, 4, 6 என்பனவும் உள. ஐந்தாங் கியருக்கு வலப்புறத்தே, அதே மேல்வரியிற் பின்கியர் உளது. எனவே ஆறிலிருந்து ஐந்துக்கு மாறும் ஓட்டுநரின் கை சற்றே வலம் சாய்ந்தால், ஐந்துக்குப் பதிலாகப் பின்கியரின் வாயிலில் நிற்கும்.

அவ்வாறு நேரின் விளைவு யாதென்பதைக் கணக்கினாற் காண்போம். மேற்கூறிய காரின் பெட்டியில் ஐந்தாங் கியரின் விகிதம் 0.74, ஆறாங் கியரின் விகிதம் 0.50, பின்கியரின் விகிதம் 2.90. பெட்டியின் வெளிச்செல் தண்டு நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுழல்கின்றது என்க. ஆறாங் கியரில் உட்செல் தண்டு 1,000 சுற்றுச் சுழலும். ஐந்துக்கு மாறினால் அது 1,480 சுற்றாதல் வேண்டும். பின்கியரிலோ எதிர்த்திசையில் 5,800 சுற்றுச் சுழல வேண்டும்! முன்னோக்கிச் சுழலும் தண்டை ஒரு கணத்தில் நிறுத்தி, எதிர்த்திசையில் அத்துணைக் கதியிற் சுழற்ற எந்தப் பற்சில்லாலும் இயலாது. பற்கள் அரைபடும், பெட்டி பழுதாகும், வண்டியைக் கட்டுப்படுத்தலும் அரிதாகலாம். தடுப்பின் அருமை இதனாற் புலனாகும்.

தடுப்பின் அமைப்பு

ரி-56 பெட்டியின் பக்கத்தே வலிய சுருளிவில் ஒன்று உள்ளது. கியர்த்தண்டை ஐந்து, ஆறு ஆகியவற்றின் வழியினின்றும் இன்னும் வலப்புறம் தள்ளினால் இவ்வில் எதிர்த்து நிற்கும். அங்கேயே ஒரு வரிச்சுருளும் உண்டு. அதன் வழியே மின் பாய்ந்தால் அது காந்தமாகி வில்லின் எதிர்ப்பை விலக்கும். அப்போது தண்டு எளிதிற் பின்கியருக்குச் செல்லும்.

இங்கே மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மின் இல்லாத நிலையே பூட்டிய நிலை. மின் வந்தால் மாத்திரமே பூட்டுத் திறக்கும். கம்பி அறுந்தாலும், உருகி எரிந்தாலும் தடுப்புத் தன் காவலைக் கைவிடுவதில்லை. முற்றாகப் பூட்டிவிடுவதும் இல்லை. பலங்கொண்டு தள்ளினாற் பின்கியரைச் சேரலாம். பழுதுற்ற காலத்தும் தீங்கு செய்யாத பக்கத்திற் சாயுமாறு கருவியை அமைத்தல் பொறியியலின் சிறந்த அறங்களுள் ஒன்று. பிழையாக இணைப்பவர் குலைப்பது இவ்வறத்தையே.

உற்பத்திச்சாலையில் வந்த கைமுறைக் கமாரோவில் இவ்வரிச்சுருளை ஆள்வது இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கணினி. சாவி திறந்ததும் சுருளின் ஒரு முனைக்கு 12 உவோற்று வந்து நிற்கும். மறு முனைக்குப் புவித்தொடுப்புக் கொடுப்பது கணினி. வண்டியின் கதி மணிக்கு ஏறத்தாழ 5 மைலுக்குக் குறைந்தால் மாத்திரமே அது அத்தொடுப்பைக் கொடுக்கும்.

பெட்டியை மாற்றும்போது நேர்வது

தன்னியக்க வண்டியின் கம்பித் தொகுதியில் இவ்வரிச்சுருளுக்கான கம்பிகள் இரா. பெட்டியை மாற்றுவோர் நான்கு மின்னிணைப்புக்களைக் கவனித்தல் வேண்டும்: கதியுணரி, பின்விளக்கு ஆளி, பின்கியர்த் தடுப்பு, முதலாங் கியரினின்று நான்காவதுக்குத் தாவச் செய்யும் சுருள். இவை தவிர, தன்னியக்கப் பெட்டியின் நடுநிலை ஆளி நீங்கிவிடுவதால், கிளச்சு மிதியை அழுத்தினாலன்றி இயந்திரம் தொடங்காதவாறு மிதியிலே ஓர் ஆளியும் பொருத்தல் வேண்டும்.

கணினியைக் கைமுறைப் பெட்டிக்கு ஏற்ப மீள நிரற்படுத்தி, உரிய கம்பிகளையும் சேர்த்துவிட்டால் தடுப்பு உற்பத்திச்சாலையிற் போலவே இயங்கும். இதுவே தலைசிறந்த வழி. ஆயினும் ஓர் எச்சரிக்கை. தன்னியக்கப் பெட்டியின் கதியுணரிச் சில்லில் 40 பற்கள். ரி-56இன் சில்லில் 17 பற்கள். இம்மாற்றத்தைக் கணினிக்கு அறிவியாவிடின், அது உண்மைக் கதியின் 40இல் 17 பங்கையே கதியெனக் கொள்ளும். மணிக்கு 5 மைல் என்று கணினி எண்ணுகையில் வண்டி ஏறத்தாழ 12 மைலில் ஓடிக்கொண்டிருக்கும். காவலன் விழித்திருந்தும் கண்ணாடி பொய் சொன்னால் யாது பயன்?

கணினியைத் தொடாத மூன்று வழிகள்

பழைய இயந்திரங்களோடு இப்பெட்டியைப் பொருத்துவோர்க்குக் கணினியின் துணை கிடையாது. அவர்கள் கைக்கொள்ளும் வழிகள் மூன்று.

முதலாவது, பிறேக்கு விளக்குக் கம்பியோடு இணைத்தல். மிதியை அழுத்தினால் விளக்கும் எரியும், தடுப்பும் திறக்கும். எளிமையானதாதலின் பலரும் இதனையே நாடுவர். இதில் மூன்று குறைகள் உள. நெடுஞ்சாலையிற் கதியைக் குறைக்கப் பிறேக்கை அழுத்திக்கொண்டே ஆறிலிருந்து ஐந்துக்கு மாறுவது ஓட்டுநர் இயல்பு. காவல் மிகவும் வேண்டிய அக்கணத்திலேயே காவல் நீங்கிவிடுகின்றது. நம் பழைய மாணவருக்கு நேர்ந்தது இதுவே. பற்கள் உரசிய ஒலி கேட்டதும் கையை மீட்டுக்கொண்டமையாற் பிழைத்தார். இரண்டாவது குறை வெப்பம். சுருளின் தடை 6 ஓம் என்று கொண்டால், 12 உவோற்றில் 2 அம்பியர் பாயும். 24 உவாற்று வெப்பம் பிறக்கும். இயந்திரம் ஓடுகையில் அழுத்தம் 14 உவோற்றளவாக உயரும்போது அது ஏறத்தாழ 33 உவாற்றாகும். வீதிச் சமிக்ஞையில் மிதியை அழுத்தியபடி நெடுநேரம் காத்திருப்பின் சுருள் வீணே சூடேறும். மூன்றாவது, பழைய அமெரிக்க வண்டிகள் பலவற்றிற் பின்புறத்துச் செவ்விளக்கு ஒன்றே பிறேக்கு விளக்காகவும் திரும்பற் குறிவிளக்காகவும் அமைந்திருத்தல். அவ்விளக்கின் அருகே கம்பியைப் பொருத்தினால், திரும்புகையில் விளக்கோடு தடுப்பும் விட்டுவிட்டுத் திறக்கும்.

இரண்டாவது வழி, அழுத்தும்வரை மாத்திரம் தொடுக்கும் பொத்தானாளி ஒன்றைக் கியர்த்தண்டின் அருகே வைத்தல். பின்கியர் வேண்டும்போது ஓட்டுநர் ஒரு கையால் அழுத்திக்கொண்டு தண்டைத் தள்ளுவார். சுருளிற் சில வினாடியே மின் பாயும். நினைந்து செய்தாலன்றிக் காவல் நீங்காது. செலவும் சிறிது. பிறர் அவ்வண்டியை ஓட்ட நேரின் அவருக்குச் சொல்லி வைத்தல் வேண்டும் என்பதொன்றே குறை.

மூன்றாவது வழி, கதியுணரியின் துடிப்பை அறிந்து தொடுக்கும் தனிக் கருவியைப் பொருத்துதல். இது கணினியின் தொழிலைத் தான் செய்யும். ஆயின் கதியுணரியின் கம்பி அறுந்தால், வண்டி நிற்கின்றது என்றே இக்கருவிக்குத் தோன்றக்கூடும். அப்போது எக்கதியிலும் பூட்டுத் திறந்திருக்கும். கதிமானியின் முள் செத்துக் கிடப்பின் தடுப்பையும் நம்பலாகாது.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு ஒரு குறிப்புக் கூறுவல். பொத்தானாளியையும் பிறேக்காளியையும் தொடராக இணைத்தால், இதுவும் அதுவும் அழுத்தப்பட்டாலன்றிச் சுற்று நிறைவுறாது, இஃது எண்ணும்மை. சமாந்தரமாக இணைத்தால், இதுவோ அதுவோ ஒன்று போதும், இது விகற்பம். காவல் பொருளாக எழும் சுற்றுக்கு எண்ணும்மையே ஏற்றது.

இன்னுமொரு தவறு மாணவர் சிந்தனைக்கு உரியது. பின்கியரோடு தொடர்புடையது என்று கருதிச் சிலர் தடுப்பைப் பின்விளக்கின் கம்பியோடு இணைப்பர். பின்விளக்கு ஆளி, தண்டு பின்கியரை அடைந்த பின்னரே தொடுக்கும். தடுப்போ, அடையுமுன்னரே திறத்தல் வேண்டும். வீட்டினுட் புகுந்த பின்னர் வாயிற்கதவின் திறவுகோலைப் பெறுவது போன்றது இது.

இணைக்கும் முறை

பொத்தானாளியைக் கொண்டு இணைப்பவர் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்க. முதலிற் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுக. சாவி திறந்தால் மாத்திரம் மின் வரும் கம்பியொன்றைத் தெரிந்து, அதன் தொடக்கத்திலேயே உருகியைப் பொருத்துக. உருகி காப்பது கம்பியை. ஆதலின் சுருளின் மின்னோட்டத்துக்குச் சற்று மேற்பட்டதாய், கம்பி தாங்கும் அளவுக்குக் கீழ்ப்பட்டதாய் அஃது இருத்தல் வேண்டும். நாம் கொண்ட உதாரணத்துக்கு 5 அம்பியர் உருகி போதும். உருகியினின்று ஆளிக்கும், ஆளியினின்று சுருளின் ஒரு முனைக்கும், மறு முனையினின்று பெயின்று சுரண்டிய தூய உலோகத்துக்கும் கம்பி செல்க. புகைபோக்கிக் குழாய்க்கும் சுழலும் தண்டுக்கும் அணுகாமற் கம்பியைக் கட்டுக.

சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஓர் இருவாயியைச் சேர்த்தல் நன்று. மின்னை நிறுத்தும் கணத்திற் சுருளின் காந்தப்புலம் சரிந்து, தன் தூண்டலால் உயரழுத்தம் ஒன்றைப் பிறப்பிக்கும். அது ஆளியின் தொடுமுனைகளைத் தீப்பொறியாற் கரிக்கும், மின்னணுக் கருவியாயின் அழித்தும்விடும். இருவாயி அதற்கொரு வடிகாலாகும். கோடிட்ட முனை நேர்ப்பக்கத்தை நோக்குதல் வேண்டும். மாற்றி வைத்தாற் குறுஞ்சுற்றாகி உருகி எரியும்.

சோதித்தல்

வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்குத் தடை வைத்து, இயந்திரத்தைத் தொடக்காது, சாவியை மாத்திரம் திறந்து சோதிக்க. ஆளியை அழுத்தியும் அழுத்தாதும் தண்டைத் தள்ளிப் பார்த்தாற் கையே வேறுபாட்டை உணரும். அழுத்துகையிற் பெட்டியினின்று 'டிக்' என்னும் ஒலியும் கேட்கும்.

கதியால் ஆளப்படும் தடுப்பாயின், ஓடும் வண்டியிற் பின்கியரைத் தொட்டுச் சோதித்தல் ஒருபோதும் ஆகாது. சுருளுக்குச் சமாந்தரமாகச் சிறு சோதனை விளக்கொன்றை உள்ளே வைத்து, வேறொருவரை அதனைப் பார்க்கச் செய்து, வெறுமையான வீதியில் மெல்ல ஓட்டுக. எக்கதியில் விளக்கு அணைகின்றதோ அக்கதியிற் பூட்டு விழுகின்றது என்பது துணிபு.

முடிவுரை

நம் பழைய மாணவர் இப்போது பிறேக்கு விளக்கின் இணைப்பை நீக்கிப் பொத்தானாளி வைத்துள்ளார். அவருடைய கைத்திறனிற் குறைவொன்றும் இல்லை. கம்பிகளை அழகாகவே இணைத்திருந்தார். 'மிதியை அழுத்தினால் திறக்கின்றதா?' என்று சோதித்தவர், 'திறக்கக் கூடாத வேளையில் திறவாதிருக்கின்றதா?' என்று சோதியாது விட்டார். காவற்கருவி ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது கேள்வியே முதற்கேள்வி. பட்டறையிற் பயிலும் நம் மாணவர் இதனை மறவாதிருப்பாராக.